கையால் செய்த பரிசுகள்: யாருக்கு எதைத் தைப்பது, எதைப் பின்னுவது?

கத்தரிப்பூ:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் பரிசு எதையும் கடையில் வாங்கப் போவதில்லை, எல்லாமே என் கையால் செய்தது என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் பின்வாங்க முடியாது. தையல் மெஷின் ஓரளவு வரும், ஜிப் வைப்பது வரைக்கும் தைரியம் உண்டு. ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷாவில் தொப்பி, மஃப்ளர் போடுவேன். இரண்டு ஊசிப் பின்னல் இப்போதுதான் பழகுகிறேன்.

தங்கைக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. மாமனார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரு தோழிக்கு கீமோ நடக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர். கணவருக்கு ஒரு ஸ்வெட்டர். அதோடு எங்கள் அலுவலகத்தில் ஒரு பத்துப் பேர் சேர்ந்து மருத்துவமனைக்கோ விடுதிக்கோ மொத்தமாக ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள், அதற்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒரு பெரிய பை நிறைய மிச்ச நூல் கிடக்கிறது, பாதிக்கு லேபிள் இல்லை. எதில் ஆரம்பிக்கலாம், எதை விட்டுவிடலாம்?

பழையஊசி:
வாம்மா. முதலில் அந்த ஸ்வெட்டரைப் பட்டியலிலிருந்து எடு. நடுத்தரத் தடிமன் நூலில் ஒரு பெரியவர் ஸ்வெட்டருக்கு 1,000 மீட்டருக்கு மேல் நூல் ஓடும், ஆள் உயரமாக இருந்தால் 1,400 கூடப் போகும். ஒரு தொப்பி 150 மீட்டருக்குள் முடிந்துவிடும். அதுவும் ஊசி இப்போதுதான் பழகுகிற கையில் முதுகுப்பக்கம் ஒரு இறுக்கம், முன்பக்கம் ஒரு இறுக்கம் என்று கண்ணி மாறிக்கொண்டே வரும், தைத்துச் சேர்க்கும்போதுதான் அது தெரியும். காதலிக்கிறவருக்கு ஸ்வெட்டர் பின்னினால் அது முடிவதற்குள் காதல் முடிந்துவிடும் என்று பின்னல்காரர்களுக்குள் ஒரு பழைய கேலி உண்டு. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆபத்து குறைவு, ஆனாலும் கெடு வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது இல்லை.

மீதிப் பேருக்கு என்ன செய்தாலும் எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான். அதை யார் துவைப்பார்கள், எப்படித் துவைப்பார்கள்? கம்பளி இழைக்கு மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், குலுக்கல் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும், பெரியவர் தொப்பி மெஷினுக்குள் போய் பொம்மைத் தொப்பியாக வெளியே வரும். லேபிளில் சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால் அந்தச் செதிலை மழுக்கியோ மேலே மெல்லிய பாலிமர் பூசியோ விற்கிறார்கள் என்று அர்த்தம், அதை மெஷினில் போடலாம். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் யாரும் ஒரு சின்னக் கம்பளிச் சட்டையை மட்டும் தனியாக எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டு இருக்க மாட்டார்கள். நீ கொடுத்தது அழகாக இருப்பதால் அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடாது.

நடுராத்திரித்தையல்:
பழையஊசி அக்கா சொன்னதில் பாதிக்குச் சரி. துவைப்பதை மட்டும் பார்த்தால் கடைசியில் எல்லாமே செயற்கை நூலான அக்ரிலிக் ஆகிவிடும். அக்ரிலிக்குக்கு ஒரு பெரிய பகை இஸ்திரிப் பெட்டி. சூடு பட்டால் நூல் உயிர் போய்ப் பளபளவென்று தொங்கிவிடும், திரும்ப எழுப்பவே முடியாது. அடுப்புப் பக்கம் பயன்படுத்துகிற எதற்கும், பாத்திரம் பிடிக்கிற துணி மாதிரி, அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் கூடவே கூடாது. உருகித் தோலோடு ஒட்டும். அங்கே பருத்திதான். கம்பளி என்றாலும் சரி, அது லேசில் தீப்பிடிக்காது.

லேபிள் இல்லாத நூலுக்கு வழி இருக்கிறது. ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகிற கரி வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிகிற வாசனையோடு தொடர்ந்து எரிந்து மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி வகை. உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணி நின்றால் அக்ரிலிக், பாலியஸ்டர், நைலான் இவற்றில் ஒன்று. கலப்பு நூல் என்றால் இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்து குழப்பும், அதைப் பரிசுக்கு எடுக்காமல் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றைக்கண்ணி:
குழந்தைக்கு என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் ஆசையாக ஓடுகிற இடம், அதனாலேயே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். நான் செய்கிறவற்றில் பாதி குழந்தைகளுக்குத்தான் போகிறது.

பெரிய போர்வை போட்டுக் கொடுத்தால் படுக்கையில் போர்த்திவிடத்தான் நினைப்பார்கள். ஆனால் முதல் ஒரு வருஷம் குழந்தை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி சொல்வது. 2022 இல் புதுப்பித்த அறிவுரையில், முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் தொப்பியும் வேண்டாம் என்றார்கள், குழந்தைக்கு உடம்பு சூடேறிவிடும் என்று. அதற்காகப் போர்வையே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. தள்ளுவண்டிக்கு, தரையில் விரித்து விளையாட, கண்ணெதிரே மடியில் வைத்திருக்கும்போது என்று சொல்லியே கொடுங்கள். 75க்கு 90 செ.மீ. போதும். வலை மாதிரி ஓட்டை ஓட்டையான டிசைன் வேண்டாம், விரல் மாட்டும்.

கையுறை, காலுறை போட்டால் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்குகிற ஒரு நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டமே நிற்கும், அழுகிற குழந்தைக்குக் காரணம் தெரியாமல் வீடே தவிக்கும். மருத்துவர்கள் அடிக்கடி எச்சரிக்கிற விஷயம் இது. உறையின் உள்ளே நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிற இரட்டைநிறப் பின்னல் இதற்கு ஆகவே ஆகாது.

பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். பாக்கெட்டில் பாதுகாப்புக் கண் என்று எழுதியிருக்கும், ஆனாலும் பின்னலில் கண்ணி விலகினால் உள்பக்கம் மாட்டுகிற பூட்டோடு சேர்ந்தே வெளியே வரும். மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கண், மூக்கு எல்லாம் நூலிலேயே தைத்துவிடுங்கள். பட்டன், மணி, பாம்பாம் உருண்டை, ரிப்பன் முடிச்சு எதுவும் வேண்டாம். பஞ்சு வெளியே தெரியாத அளவுக்கு ஊசியை ஒரு அளவு குறைத்து இறுக்கமாகப் போடுங்கள்.

அளவு: நிறைமாதக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும், மூன்று மாதத்தில் 40ஐத் தொடும். அதனால் பிறந்த குழந்தை அளவில் போடாதீர்கள், போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சின்னதாகிவிடும். ஆறு மாத அளவில் போடுங்கள்.

கத்தரிப்பூ:
ஒற்றைக்கண்ணி அண்ணா, பயந்தே போய்விட்டேன். சரி, அப்போது துணியில் தைத்தால்?

ஒற்றைக்கண்ணி:
அதுதான் இன்னும் நல்லது என்பேன். தோள் துணி, வாய் துடைக்கிற பிப், மெல்லிய மஸ்லின் சதுரம். தினமும் துவைத்துத் தினமும் பயன்படுகிறவை. மஸ்லின் இரண்டு அடுக்காக வாங்கி 70 செ.மீ. சதுரம் வெட்டி ஓரத்தைச் சுருட்டி அடித்தால் போதும், நாலு நேர்க்கோடுதான். பிப்புக்குக் கழுத்தில் நாடா வேண்டாம், இழுத்தால் விட்டுவிடுகிற வெல்க்ரோவோ பிரஸ் பட்டனோ போடுங்கள். வெட்டும் முன் துணியைத் துவைத்துக் காயவையுங்கள். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று, ஐந்து வரை சுருங்கும், மஸ்லின் அதைவிட அதிகம். தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் கோணிக்கொள்ளும்.

வாங்கிவைப்பவன்:
நான் செய்கிறவன் இல்லை, வாங்குகிறவன். இந்தப் பேச்சுக்குள் வரலாமா தெரியவில்லை. என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் கையால் செய்தவை. ஒன்று கூடப் போட்டதில்லை. நிறம் பிடிக்கவில்லை, கழுத்தில் குத்துகிறது, எனக்கு மஃப்ளர் போடுகிற பழக்கமே இல்லை. தூக்கிப் போட முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது, கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எடுத்து மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கையால் செய்ததை வேண்டாம் என்று சொல்கிறவன் மனுஷனே இல்லை என்கிற மாதிரி பேசுகிறார்கள். கேட்காமல் கொடுக்கிற பரிசு பாதிக்குமேல் கொடுக்கிறவருக்கே கொடுத்துக்கொள்கிற பரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையஊசி:
தம்பி சொல்வது சுடுகிறது, ஆனால் பொய் இல்லை.

நடுராத்திரித்தையல்:
எனக்கு இதில் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஒரு ராத்திரி உட்கார்ந்து தைத்துப் பார்த்தால் தெரியும் சார். ஆனால் உங்கள் கடைசி வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் இப்போதெல்லாம் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். ஆச்சரியம் போய்விடும் என்பார்கள், போகட்டும். இரண்டு மூன்று நூலைப் படம் எடுத்து அனுப்பி எது பிடிக்கும் என்று கேட்பது, ஏற்கெனவே அவர்கள் தேய்ந்துபோகிற அளவுக்குப் பயன்படுத்துகிற பை, தொப்பி எது என்று கவனித்து அதே அளவில் செய்வது. கொடுக்கும்போது, பிடிக்கவில்லை என்றால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள், நான் கேட்கவே மாட்டேன் என்று வாயால் சொல்லிவிடுவது. சொன்ன பிறகு உண்மையிலேயே கேட்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

வாங்கிவைப்பவன்:
அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் அந்த மஃப்ளர் இப்போது குளிருகிற ஒருவர் கழுத்தில் இருந்திருக்கும். நன்றி அக்கா. ஒரே ஒரு விஷயம் நான் தினமும் பயன்படுத்துகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜரும் வயர்களும் போட்டு வைக்கிற ஒரு சின்ன ஜிப் பை. தைத்தவருக்கு அது மிச்சத் துணி, எனக்கு அது இல்லாமல் வெளியூர் போக முடியாது.

கத்தரிப்பூ:
அப்போது கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஜிப் பைதான். முடிவாகிவிட்டது!

பழையஊசி:
நாலைந்து பேருக்கு என்றால் ஒவ்வொன்றாகத் தைக்காதே. எல்லாத் துணியையும் லைனிங்கையும் ஒரே மூச்சில் வெட்டு, அப்புறம் எல்லா ஜிப்பையும் வரிசையாகப் பிடித்துத் தை, நூலை அறுக்காமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மெஷினுக்குள் விடு. அளவு 20க்கு 15 செ.மீ. முடிந்த பையாக வரவேண்டும் என்றால் 22க்கு 17 வெட்டு. ஜிப் வாங்கும்போது தேவையைவிட நாலு விரல் நீளமாக வாங்கித் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டு, அப்போது ஜிப்பில் ஓடுகிற தலை, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற காலில் வந்து இடிக்காது. உலோக ஜிப் என்றால் இப்படி வெட்டாதே. பக்கத் தையல் போடும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வை, மறந்தால் பையைத் திருப்ப வழி இருக்காது.

பை வேண்டாம் என்பவருக்குத் தலையணை உறை. ஜிப் கூட வேண்டாம். 40 செ.மீ. தலையணைக்கு 42 அகலமும் 100 நீளமும் உள்ள ஒரே பட்டை, இரண்டு குறுகிய ஓரத்தையும் மடித்து அடித்து, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் முடிந்தது.

வார்டுக்காரி:
கீமோ எடுக்கிற தோழி பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் வருகிறேன். நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள்.

முடி கொட்டிய பிறகு தலைத்தோல் ரொம்ப மென்மையாக, தொட்டாலே எரிகிற மாதிரி இருக்கும். கம்பளி, மோஹேர் என்கிற ஆட்டுமுடி நூல் இரண்டும் வேண்டாம். மென்மையான பருத்தி, மூங்கில் விஸ்கோஸ், இல்லாவிட்டால் குழந்தைகளுக்கென்று வருகிற மெல்லிய அக்ரிலிக். நூலைக் கழுத்தின் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள், உங்களுக்கே அரித்தால் அவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். கயிறு முறுக்கின மாதிரி வருகிற பெரிய கேபிள் டிசைன், உருண்டை உருண்டையாகப் புடைக்கிற கண்ணி எல்லாம் பார்க்க அழகு, படுத்தால் அழுத்தும். நெற்றியிலிருந்து பிடரி வரை, காது பாதி மறைகிற ஆழம் வேண்டும், ஏனென்றால் பிடரியிலும் முடி இருக்காது, அதை மறைக்கத்தான் பலர் தொப்பியே கேட்கிறார்கள். முடி இல்லாத தலை கொஞ்சம் சிறியது என்பதையும் நினைவில் வையுங்கள், 56 செ.மீ. தலைக்கு வழக்கமாகப் போடுகிற தொப்பி நழுவும்.

தைப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. மெல்லிய பனியன் துணியில் தூங்கும்போது போடுகிற தொப்பி. துணி இழுபடுகிற திசை தலையைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள், மெஷினுக்கு முனை உருண்ட ஊசி மாட்டுங்கள், சாதாரண ஊசி பனியன் துணியில் ஓட்டை போடும், தையல் விட்டுவிட்டு விழும். நேர்த்தையல் போட்டால் இழுத்ததும் நூல் அறுந்துவிடும், அதனால் குறுகிய ஜிக்ஜாக். தையல் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, தலையில் உறுத்தாது.

தொப்பி வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொன்று. மார்பில் மருந்து செலுத்துகிற போர்ட் வைத்தவர்களுக்குக் காரில் சீட் பெல்ட் அந்த இடத்தில் அழுத்தும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டித் தலையணை தைத்து, பின்னால் வெல்க்ரோ பட்டை வைத்தால் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு சாயங்காலத்தில் நாலைந்து முடியும். செய்யும் முன் தோழிக்கு போர்ட் இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாசனை. வாசனைச் சோப்பு, ஊதுபத்தி, சிகரெட் வாடை, பூனை நாய் முடி எதுவும் துணியில் இருக்கக் கூடாது. கீமோவில் இருப்பவர்களுக்கு வாசனையே குமட்டும்.

கத்தரிப்பூ:
வார்டுக்காரி அக்கா, இது எதுவும் எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கப் போகிறேன். மாமனாருக்குப் பெரிய போர்வை ஒன்று குரோஷாவில் ஆரம்பிக்கலாமா?

வார்டுக்காரி:
பெரிதாக வேண்டாம், அதுதான் எல்லாரும் செய்வது. சக்கர நாற்காலிக்கு மடியும் முழங்காலும் மூடினால் போதும், 90 செ.மீ. சதுரத்துக்கு மேல் போனால் பக்கத்தில் தொங்கிச் சக்கரத்துக்குள் போகும். ஓரத்தில் குஞ்சம் வைக்காதீர்கள். பருத்தி நூலில் குரோஷா போட்டால் எடை கூடிவிடும், நனைந்தால் இன்னும் கனம். ஃப்ளீஸ் துணி ஒரு பக்கம், பருத்தி ஒரு பக்கம் என்று தைத்தால் லேசாக இருக்கும், வழுக்காது. அதிலேயே கை வைத்துக்கொள்ள ஒரு பெரிய பாக்கெட் வையுங்கள். நாற்காலியின் கைப்பிடியில் பக்கவாட்டாகத் தொங்குகிற பையும் நல்ல பரிசு, கண்ணாடி, போன், பேனா வைக்க. முதுகுப்பக்கம் மாட்டுகிற பை அவர் கைக்கு எட்டாது, யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

நூல்கண்டு:
இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். மொத்தமாகச் செய்து கொடுக்கிற விஷயத்தைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தால் காணோம், நானே சொல்கிறேன். எங்கள் குழு இதைப் பல வருஷமாகச் செய்கிறது.

செய்துவிட்டு யாருக்குக் கொடுப்பது என்று தேடாதீர்கள். முதலில் இடம், அப்புறம் அவர்களுக்கு என்ன வேண்டும், எந்த அளவு, எந்த நூல், எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள், அதற்குப் பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபிலிப் தீவுப் பக்கம் 2001 இல் எண்ணெய் கொட்டியபோது ‘லிட்டில் பெங்குவின்’ என்கிற சின்ன இனப் பெங்குவின்கள் 438 எண்ணெயில் நனைந்தன. அவை அலகால் இறகைக் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமல் இருக்கக் குட்டி ஸ்வெட்டர் போட்டார்கள், பெரும்பாலானவை பிழைத்தன. அந்தக் கதை உலகம் முழுக்கப் பரவி ஸ்வெட்டர் வந்துகொண்டே இருந்தது, தேவைக்கு மேல் குவிந்ததைப் பொம்மைப் பெங்குவினுக்கு மாட்டி விற்று நிதியாக்கினார்கள். 2019-20 காட்டுத் தீயின்போதும் அதேதான். கங்காருக் குட்டிகளுக்குத் துணிப் பைகள் தைத்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள், சில வாரத்திலேயே போதும் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிரித்து அடுக்கி அனுப்ப ஆள் வேண்டுமே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வார்டுக்காரி:
நூல்கண்டு சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கான பின்னல் ஆக்டோபஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013 இல் டென்மார்க்கில் தொடங்கியது. அதன் கால்கள் குழந்தைக்குத் தொப்புள்கொடி மாதிரி இருக்கும், குழாய்களைப் பிடித்து இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது யோசனை. அதற்கு விதிகள் கறாரானவை: முழுப் பருத்தி நூல், 60 டிகிரி துவைப்பைத் தாங்க வேண்டும், கால்களை இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ. தாண்டக் கூடாது, பஞ்சு வெளியே வரக் கூடாது. இத்தனையும் செய்தாலும் எல்லா மருத்துவமனையும் ஏற்பதில்லை. தொற்று பயம், இன்குபேட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்கிற விதி. வாசலில் ஐம்பது ஆக்டோபஸோடு வந்து நிற்கிறவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது எங்களுக்கும் கஷ்டமாக இருக்கிறது.

குறைமாதத் தொப்பி எப்போதும் தேவைப்படுகிற வார்டுகள் உண்டு. ஆனால் அளவு தெரியாமல் எல்லாரும் நிறைமாத அளவில்தான் அனுப்புகிறார்கள். 25 செ.மீ., 28 செ.மீ. சுற்றளவில் தொப்பி கிடைப்பதே இல்லை.

இன்னொன்று கொஞ்சம் கனமான விஷயம். பிறக்கும்போதே இறந்துவிடுகிற குழந்தைகளுக்குச் சின்னச் சின்னச் சுற்றுத்துணிகளும் தொப்பிகளும் சில இடங்களில் கேட்கிறார்கள். கடையில் அந்த அளவில் எதுவும் கிடையாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, தலை வழியாக மாட்டத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். எல்லாராலும் உட்கார்ந்து செய்ய முடிகிற வேலை இல்லை, முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை.

முதியோர் பிரிவில் மறதி நோய் உள்ளவர்களுக்குக் கையை நுழைத்துத் தடவிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு பின்னல் குழாய், உள்ளேயும் வெளியேயும் பட்டன், ரிப்பன், ஜிப், கரடுமுரடான நூல் எல்லாம் தைத்தது, கேட்பார்கள். கை சும்மா இருக்காமல் பதற்றம் குறையும். உங்கள் மிச்ச நூல் பைக்கு அதுதான் சரியான இடம். பட்டனை மட்டும் இழுத்தாலும் வராதபடி தையுங்கள். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம், அதனால் எப்போதும் தேவை இருக்கும்.

ஒற்றைக்கண்ணி:
பையன்களுக்கு இது சம்பந்தம் இல்லை என்று நினைப்பார்கள், அதனால் நானே சொல்கிறேன். துணியில் தைத்த மாதவிடாய் பேட் செய்து கொடுக்கிற குழுக்கள் நிறைய. டேஸ் ஃபார் கேர்ள்ஸ் என்ற அமைப்பு 2008 இல் தொடங்கியது. அவர்கள் முறையில் உள்ளே வைக்கிற துணி அடர்நிறத்தில் பூப்போட்டதாக இருக்கும், கறை தெரியாது. விரித்துக் காயப்போட்டால் சாதாரணக் கைத்துண்டு மாதிரி இருக்கும், பார்க்கிறவருக்கு இன்னதென்று புரியாது, வெட்கப்படாமல் வெயிலில் உலர்த்தலாம். வெயிலில் உலர்வதுதான் சுத்தத்துக்கு முக்கியம். பயன்படுத்துகிறவர் எங்கே உலர்த்துவார் என்று யோசித்து ஒரு பொருளை வடிவமைப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. நேர்த்தையல் தெரிந்தால் போதும்.

கத்தரிப்பூ:
எங்கள் பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் பின்னத் தெரியும், இரண்டு பேருக்கு மெஷின் தெரியும், மற்றவர்கள் ஆர்வம் மட்டும். எல்லாரும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்ய வழி உண்டா? ஒரு போர்வை என்றால்?

நூல்கண்டு:
துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்துப் போர்வை. அமெரிக்காவில் 1991 இல் தொடங்கிய வார்ம் அப் அமெரிக்கா இதைத்தான் செய்தது, 18க்கு 23 செ.மீ. துண்டு ஒன்று ஒருவரால் முடியும், 49 துண்டு சேர்ந்தால் ஒரு போர்வை. துண்டு சிறியது என்பதால் புதியவர்களும் பயப்படாமல் வருவார்கள்.

ஆனால் ஆளுக்கு ஒரு நூல், ஆளுக்கு ஒரு இறுக்கம் என்று விட்டால் சேர்க்கும்போது அழுவீர்கள். எங்கள் குழுவில் வைத்திருக்கிற விதி: எல்லாருக்கும் ஒரே இழை வகை, ஒரே தடிமன். நிறம் இஷ்டம். கண்ணி எண்ணிக்கையைச் சொல்லாமல் அளவைச் சொல்லுங்கள், அட்டையில் 18க்கு 23 வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள், அதன் மேல் வைத்துப் பார்த்து அந்த அளவு வந்ததும் நிறுத்தட்டும். இறுக்கிப் போடுகிறவர் ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கிக்கொள்ளட்டும். அமெரிக்க வடிவக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்கிற கண்ணிக்கு பிரிட்டிஷ் குறிப்பில் பெயர் டபுள் குரோஷே, அதனால் யாரும் தனியாக இணையத்திலிருந்து டிசைன் எடுக்க வேண்டாம், நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சாண் நூல் விட்டு வைக்கச் சொல்லுங்கள், ஒட்ட வெட்டினால் துவைத்ததும் அவிழும்.

பின்னத் தெரியாதவர்களைச் சும்மா உட்காரவைக்காதீர்கள். நூல் முனைகளைக் கண்ணிக்குள் கோத்து மறைப்பது, லேபிள் எழுதுவது, அளந்து பிரிப்பது எல்லாம் பெரிய வேலை. பின்னுகிறவர்கள் யாருக்கும் பிடிக்காத வேலையும் அதுதான்.

நடுராத்திரித்தையல்:
லேபிள் பற்றி ஒரு வார்த்தை. நூல் என்ன வகை, எத்தனை டிகிரியில் துவைக்கலாம், இஸ்திரி போடலாமா கூடாதா, இந்த மூன்றும் கட்டாயம். பருத்தி நாடாவில் எழுதி உள்பக்கம் தைத்துவிடுங்கள். ஊசி குத்தி ஒட்டாதீர்கள், குண்டூசி எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று காந்தத்தால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

பழையஊசி:
கையால் செய்த பொருள் எல்லாம் நன்கொடைக்குத் தகும் என்று நினைக்காதீர்கள் என்பதையும் நான் சொல்லிவிடுகிறேன், யாராவது திட்டினாலும் சரி. வீட்டில் யாருக்கும் பிடிக்காத நிறம், பூச்சி அரித்த நூல், கோணலாய் முடிந்த தொப்பி எல்லாம் கடைசியில் விடுதிக்குத்தான் போகிறது. தங்கை குழந்தைக்குக் கொடுக்கத் தயங்குகிற ஒன்றை யார் குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம். விடுதியில் இருக்கிற பதினாறு வயதுப் பையனுக்கு வெளிர் மஞ்சள் முயல் தொப்பி போட ஆசை இருக்காது. கறுப்பு, சாம்பல், கருநீலம் போடுங்கள். பின்னும்போது சலிக்கும், ஆனால் அவன் போட்டுக்கொள்வான்.

வாங்கிவைப்பவன்:
இந்தக் கடைசிச் செய்தியை என் அத்தைக்கு அனுப்பலாமா?

பழையஊசி:
அனுப்பு தம்பி, என் பெயரைச் சொல்லாதே.

கத்தரிப்பூ:
சரி, பட்டியல் மாறிவிட்டது. தங்கைக்கு மஸ்லின் துண்டுகளும் பிப்பும், ஆறு மாத அளவில் ஒரு சூப்பர்வாஷ் சட்டை நேரம் கிடைத்தால். மாமனாருக்குப் பாக்கெட் வைத்த மடிப்போர்வை. அலுவலகத்துக்கு ஜிப் பை. தோழியிடம் கேட்டேன், தொப்பி ஏற்கெனவே நிறைய வந்துவிட்டதாம், சீட் பெல்ட் தலையணைதான் வேண்டும் என்றாள். ஸ்வெட்டர் அடுத்த வருஷத்துக்கு, கணவர் பெருமூச்சு விட்டார், நிம்மதியா வருத்தமா தெரியவில்லை. மருத்துவமனைக்கு நாளை போன் செய்கிறேன். முதியோர் பிரிவு இருந்தால் அந்தக் குழாய், இல்லாவிட்டால் துண்டு சேர்த்த போர்வை. ஒரு சந்தேகம்: துண்டுகளை ஊசியால் தைத்துச் சேர்ப்பதா, குரோஷாவால் சேர்ப்பதா? சேர்க்க எவ்வளவு நூல் தனியாக வைக்க வேண்டும்?

நூல்கண்டு:
குரோஷாவால் சேருங்கள். ஊசித் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாக விடும், துவைப்பு அதிகமாக இருக்கிற இடத்துக்கு அது ஆகாது. முதலில் ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும் ஒரே நிறத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள், ஆளுக்கு ஆள் இருக்கிற அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தை அந்த வரி விழுங்கிவிடும். அந்த வரிக்கும் இணைப்புக்கும் வெளி ஓரத்துக்கும் சேர்த்து, 49 துண்டுப் போர்வைக்கு நடுத்தரத் தடிமன் நூலில் 300 கிராம் ஒதுக்கிவையுங்கள். அது மட்டும் எல்லாம் ஒரே சாய எண் உள்ள உருண்டையாக முன்பே வாங்கிவிடுங்கள், பாதியில் போய் வாங்கினால் அதே நிறம் கிடைத்தாலும் சாயம் ஒரு பிடி மாறியிருக்கும், நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும்.